அறுவடைக் காலத்தில் சஸ்காச்சுவான் சமவெளியை ஆர்.வி.யில் கடக்கும் ஒரு பகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலிருந்தோ வின்னிபெக்கிலிருந்தோ ஆர்.வி. எனப்படும், சமையலறையும் படுக்கையும் உள்ள பயண வண்டியை எடுத்துக்கொண்டு ரொக்கி மலைகளை நோக்கிப் புறப்படுகிறவர்கள், நடுவே கிடக்கும் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தை எவ்வளவு விரைவாகக் கடந்துவிடலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். செப்டம்பர் மாதத்தில் மூன்று முறை அந்த வழியே போனவன் என்ற முறையில் நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. ஒரு முழுப் பகலை அந்த வயல்களுக்கென்றே ஒதுக்குங்கள். அதே வேளையில், அது மற்றவர்களுடைய வேலைத்தலம் என்பதையும், ஆண்டின் மிக நெருக்கடியான நாட்களில் அங்கே போகிறீர்கள் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை பலரும் கேட்ட கேள்விகள்.

ஒரு பகலுக்கு எந்தப் பாதை பொருத்தமானது? எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில், அதாவது 1ஆம் இலக்கச் சாலையில், இந்தியன் ஹெட் என்ற சிற்றூரில் காலையில் புறப்பட்டு, ரெஜைனாவையும் மூஸ் ஜாவையும் கடந்து, மாலைக்குள் ஸ்விஃப்ட் கரண்ட் போய்ச் சேருவதை நான் பரிந்துரைக்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 315 கிலோமீற்றர். ரெஜைனா வரை 70, அங்கிருந்து மூஸ் ஜா வரை இன்னொரு 70, மீதி 175 என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். காரில் மூன்று மணி நேரத்தில் முடிகிற தூரம்தான். ஆனால் 24 அடி ஆர்.வி.யை எதிர்காற்றில் ஓட்டி, நாலைந்து இடங்களில் நிறுத்தி, மதியச் சோற்றையும் வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பகல் இதமாகப் போய்விடும். ஒரே நாளில் மனிற்றோபா எல்லையிலிருந்து அல்பேர்ட்டா எல்லை வரை ஓட்டிவிட்டதாகப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் லொறிகளின் பின்பக்கத்தைத்தான் சொல்வார்கள்.

சாலை முழுவதும் இரட்டைப் பாதையாகப் பிரிக்கப்பட்டது. வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீற்றர். 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ரெஜைனா புறவழிச்சாலையைப் பிடித்தால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

எந்த நாட்களில் போனால் அறுவடையைப் பார்க்கலாம்?

ஆகஸ்ட் நடுப்பகுதியில் பருப்பும் பட்டாணியும் முதலில் அறுக்கப்படும். செப்டம்பரில் கோதுமை, பார்லி, எண்ணெய் வித்தான கனோலா. ஆளி பெரும்பாலும் கடைசியாக, சில ஆண்டுகளில் அக்டோபர் வரைகூட இழுக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 20 வரையுள்ள நாட்களே எனக்குப் பிடித்தவை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினம் கடந்துவிட்டால் முகாம் திடல்களில் கூட்டமும் குறைந்துவிடும். மழை பெய்த மறுநாள் போனால் வயல்கள் வெறுமையாகக் கிடக்கும், ஏனென்றால் ஈரத்தில் யாரும் அறுப்பதில்லை.

தட்டை நிலம்தானே, பார்க்க என்ன இருக்கிறது?

முதலில், எல்லா இடமும் தட்டை இல்லை. ரெஜைனாவைச் சுற்றியுள்ள நிலம் மேசை போலத் தட்டையாக இருப்பதற்குக் காரணம், பனிக்கட்டிக் காலத்தின் முடிவில் அங்கே நின்ற ஒரு பெரிய ஏரியின் அடித்தளம் அது என்பதே. ஏரியில் படிந்த நுண்ணிய களிமண்தான் இன்றைய வயல். மூஸ் ஜாவைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மேட்டு நிலத்தில் சாலை ஏறத் தொடங்கும். வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகத் தேங்கி நிற்கும் சிறு குட்டைகளும் பனிப்பாறைகள் விட்டுச் சென்ற பள்ளங்களே. செப்டம்பரில் வடக்கிலிருந்து இறங்கும் பெருவாத்துகள் அவற்றில்தான் தங்கிப் போகின்றன.

இரண்டாவதாக, அந்த நிலத்தின் மேல் வரையப்பட்டிருக்கும் சதுரங்களைப் பாருங்கள். 1870களில் தொடங்கிய நில அளவையில் ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக நாட்டைப் பிரித்து, ஒவ்வொன்றையும் 36 துண்டுகளாக்கி, ஒரு துண்டுக்கு 640 ஏக்கர் என்று வகுத்தார்கள். அதில் கால் பங்கான 160 ஏக்கரை, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 டொலர் பதிவுக் கட்டணத்துக்குக் குடியேறியவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆகவே வடக்கு தெற்காக ஒவ்வொரு மைலுக்கும் ஒரு சரளைச் சாலை பிரிந்து போவதற்கான இடம் விடப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டும்போது அவற்றை எண்ணியே தூரத்தைச் சொல்லிவிடலாம். பூமி உருண்டை என்பதால் இந்தக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கிவிடும். அதைச் சரிசெய்வதற்காக நேரான சாலை சில இடங்களில் திடீரென்று ஒரு சிறு முறிப்பு முறிந்து மறுபடி நேராகும். முதல் முறை பார்த்தபோது யாரோ அளவைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

இந்த நிலம் வெறுமையாகக் கிடந்து பங்கிடப்பட்டதும் அன்று. 1874 செப்டம்பர் 15ஆம் தேதி குவாப்பெல் கோட்டையில் பூர்வகுடிகளான கிறீ, சொல்ட்டோ மக்களும் பிரித்தானிய முடியரசின் பிரதிநிதிகளும் செய்துகொண்ட நான்காம் உடன்படிக்கையின் நிலப்பரப்புக்குள்தான் இந்தப் பாதை முழுவதும் ஓடுகிறது.

ஓடும் வண்டியிலிருந்து எந்த வயலில் என்ன பயிர் என்று எப்படி அறிவது?

கொஞ்சம் பழக்கம் போதும். கோதுமை வெளிறிய பொன்னிறத்தில், தலை நிமிர்ந்து, ஒரே உயரத்தில் நிற்கும். பார்லி முற்றியதும் தலை கவிழ்ந்துவிடும். நீண்ட மீசை இருப்பதால் காற்றில் அது அலையடிப்பது தண்ணீர் அசைவது போலிருக்கும். ஸ்விஃப்ட் கரண்ட் பக்கம் நெருங்கும்போது மீசையுள்ள கோதுமையைக் கண்டால் அது பெரும்பாலும் டியூரம்; பாஸ்தாவுக்கான ரவை அதிலிருந்துதான் வருகிறது. ஆளி கரும்பழுப்பாக, சிறு மணிகளைக் கோத்தது போல நிற்கும்.

கனோலாவை இரண்டு விதமாகக் காணலாம். சிலர் அதை முதலில் வெட்டி, நம் ஊரில் கதிரை அரி அரியாகப் போடுவது போல நீண்ட வரிசைகளாக வயலிலேயே கிடத்தி, ஒன்றிரண்டு வாரம் காயவிட்டுப் பிறகு இயந்திரத்தால் அள்ளுவார்கள். சிலர் நின்றபடியே அறுப்பார்கள். ஜூலையில் மஞ்சள் பாய் விரித்தது போலப் படங்களில் வருவதும் இதே பயிர்தான். எண்ணெயில் இருந்த வேண்டாத அமிலத்தைக் குறைத்து, மனிற்றோபாவிலும் சஸ்காச்சுவானிலும் இருந்த ஆய்வாளர்கள் 1970களில் கடுகு இனத்திலிருந்து உருவாக்கிய பயிர் என்பதால், கனடாவின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

வயலில் நகரும் பெரிய இயந்திரம் அறுத்தல், சூடடித்தல், தூற்றுதல் என்ற மூன்று வேலைகளையும் ஓடிக்கொண்டே செய்கிறது. முன்னால் உள்ள வெட்டுப் பகுதி மட்டும் 40 அடி அகலம்கூட இருக்கும். மணி மேலே உள்ள தொட்டியில் சேர, பதரும் வைக்கோலும் பின்னால் பறக்கும். ஒரு தொட்டி ஏறக்குறைய 10 தொன் கோதுமை கொள்ளும். அது நிரம்பியதும் இயந்திரம் நிற்பதில்லை. பக்கத்தில் ஓர் உழவு இயந்திரம் தானிய வண்டியை இழுத்துக்கொண்டு அதே வேகத்தில் கூடவே ஓட, நீண்ட குழாய் வழியாகத் தானியம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே இதைச் செய்வதை நெடுஞ்சாலையோரத்திலிருந்து நான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நாம் சமைக்கும் மைசூர்ப் பருப்பு இங்கிருந்துதான் வருகிறதா?

பெரும்பகுதி ஆம் என்று சொல்லலாம். உலகில் மிக அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பங்கு சஸ்காச்சுவானில் விளைகிறது. இந்தியா, துருக்கி, வங்காளதேசம், இலங்கை என்று அது போகும் நாடுகள் பல. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய பருப்புக் கறி, இந்தச் சாலையோரத்து வயல் ஒன்றில் விளைந்த பருப்பாக இருந்திருந்தால் வியப்படைய வேண்டியதில்லை.

இது பழைய கதையும் அன்று. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி 1970களில்தான் இந்த மாகாணத்துக்கு ஏற்ற பருப்பு இனங்களைத் தேடத் தொடங்கினார். 1978இல் லெயர்ட் என்ற பச்சைப் பருப்பு இனம் வெளிவந்தது. சிவப்புப் பருப்பு பெருகியது அதற்குப் பிறகுதான். கோதுமையையே மாற்றி மாற்றி விதைத்தும், இடையில் ஓராண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டும் வந்த விவசாயிகளுக்கு, காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்க்கும் ஒரு பயிர் கிடைத்தது பெரிய ஆறுதலாயிற்று.

பருப்பு வயலை அடையாளம் காண்பது எளிது. செடி முழங்காலுக்கும் எட்டாது. காய்கள் நிலத்தை ஒட்டித் தொங்கும். ஆகவே வெட்டும் கத்தி மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஒரு கல் அகப்பட்டாலும் கத்தி போய்விடும் என்பதால், விதைத்த பிறகு மிகப் பெரிய உருளையால் வயலை அழுத்திக் கற்களை மண்ணுக்குள் தள்ளிவிடுகிறார்கள். சாலையோரக் கடை ஒன்றில் ஒரு விவசாயி தம் உள்ளங்கையில் கொஞ்சம் காட்டினார். தோலோடு அது சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தது. நகத்தால் கீறியபோதுதான் உள்ளே நமக்குத் தெரிந்த செம்மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தது. இதை எப்படிச் சமைப்பீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். அவர் வீட்டில் சூப் மட்டும்தானாம்.

காற்று ஆர்.வி.யை எவ்வளவு பாதிக்கும்?

மேற்கே போகும்போது எதிர்காற்றே அதிகம். பக்கவாட்டில் அடித்தால் உயரமான வண்டி சாலைக் கோட்டை விட்டு நகரப் பார்க்கும்; பெரிய லொறி முந்தும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மணிக்கு 95 கிலோமீற்றரில் வலப்பக்கப் பாதையிலேயே போவது என் வழக்கம். வானிலை அறிவிப்பில் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீச்சு என்று வந்தால் நான் புறப்படுவதில்லை. நிறுத்திய இடத்தில் பக்கவாட்டுத் துணிக்கூரையை விரித்துவிட்டு அப்பால் போகாதீர்கள். ஒரே வீச்சில் கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

எரிபொருளைப் பொறுத்தவரை, இந்த அளவு வண்டி 100 கிலோமீற்றருக்கு 20 முதல் 25 லீற்றர் பெற்றோல் குடிக்கும். எதிர்காற்றில் இன்னும் கூடும். தொட்டி பாதியானதும் நிரப்பிவிடுங்கள்.

சாலையில் அறுவடை இயந்திரம் வந்தால் என்ன செய்வது?

பின்புறத்தில் சிவப்பு விளிம்புள்ள செம்மஞ்சள் முக்கோணத்தைக் கண்டவுடன் வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் 100இலும் அது 30இலும் போனால், இடைவெளி 200 மீற்றராக இருக்கும்போது உங்களுக்குப் பத்து விநாடி மட்டுமே இருக்கிறது. இது துணைச் சாலைகளில் அதிகம் நேரும்; நெடுஞ்சாலையில் அவை பெரும்பாலும் குறுக்கே கடக்கும். முந்தும் முன், அது இடப்பக்கம் வயலுக்குத் திரும்பப் போகிறதா என்று பாருங்கள். வயலின் நுழைவு வழி அகலமானது என்பதால், இடப்பக்கம் திரும்ப முதலில் வலப்பக்கம் ஒதுங்குவது அவர்கள் வழக்கம். வழி விடுகிறார் என்று அதைப் பிழையாக நினைத்துக்கொண்டு முந்தப் போவது ஆபத்து.

வயலோரத்தில் நிறுத்திச் சாப்பிடலாமா? உள்ளே இறங்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்தில், சாலையிலிருந்து வயலுக்குள் போகும் சிறு மண்பாலம் ஒன்று ஆளரவமின்றிக் கிடந்ததால், அதில் ஆர்.வி.யை நிறுத்திவிட்டு அடுப்பில் உலை வைத்தேன். சோறு கொதிப்பதற்கு முன்னரே, பின்னால் இரட்டை இழுவைப் பெட்டி பூட்டிய தானிய லொறி ஒன்று வந்து நின்றது. அப்படிப்பட்ட லொறி 40 தொன்னுக்கு மேல் ஏற்றும். அந்த ஒரே வழியைத்தான் நான் அடைத்திருந்தேன். ஓட்டுநர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. வானத்தின் மேற்கு மூலையைக் கையால் காட்டி, மாலைக்குள் மழை வரும் என்று மட்டும் சொன்னார். கொதிக்கும் பானையைக் கழுவும் தொட்டிக்குள் இறக்கிவைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை ஏச்சுகூடத் தந்திராது.

தீ இன்னொரு காரணம். அறுத்த வயலில் நிற்கும் அரிதாள் செப்டம்பரில் எலும்பு போலக் காய்ந்திருக்கும். வண்டியின் அடியில் உள்ள சூடான புகைபோக்கி பட்டாலே பற்றிக்கொள்ளும். மூன்றாவது, நோய். கனோலாவின் வேரைக் கழலை போல வீங்கவைக்கும் கிளப்ரூட் என்ற நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அவை ஒரு வயலிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சக்கரத்திலும் சப்பாத்திலும் ஒட்டிய மண்ணோடுதான். நாலாவது, சட்டம்: 2022 ஜனவரி 1 முதல், வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லாவிட்டாலும், விவசாய நிலத்துக்குள் நுழைவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது சஸ்காச்சுவானில் விதி. ஊர்களுக்குள் உள்ள பூங்காக்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் நிறுத்துங்கள்.

சரளைச் சாலைகளில் ஆர்.வி.யை இறக்கலாமா?

வாடகை ஒப்பந்தம் அனுமதித்து, நிலம் காய்ந்திருந்தால், ஐந்து பத்துக் கிலோமீற்றர் போகலாம். மழைக்குப் பிறகு ரெஜைனாக் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. கூரைத் துவாரங்களை அடைக்க மறந்துவிடாதீர்கள். நாங்கள் மறந்த நாளில் படுக்கை விரிப்பு, கோப்பை, உப்புச் சாடி எல்லாவற்றின் மேலும் மாவு போலத் தூசி படிந்திருந்தது. ரயில் கடவைகள் பலவற்றில் தடுப்புக் கட்டை இராது, பலகை மட்டுமே இருக்கும்.

படங்களில் பார்க்கும் மரத் தானியக் கோபுரங்கள் இன்னும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. விவசாயிகள் கொண்டுவரும் தானியத்தைச் சேர்த்துவைத்து ரயிலில் ஏற்றுவதற்கான உயரமான களஞ்சியங்கள் அவை. 1930களில் சமவெளி மாகாணங்கள் மூன்றிலும் சேர்த்து 5,500க்கு மேற்பட்டவை நின்றன. குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் ஒருவர் அன்றே வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக ரயில் பாதையோரம் எட்டுப் பத்து மைலுக்கு ஒன்றாக அவை எழுந்தன. ஊர்களும் அப்படியே அமைந்தன. லொறிகள் வந்ததும் அந்தக் கணக்கு பொருளற்றுப்போயிற்று. இப்போது நீங்கள் காண்பது, நூறு பெட்டிகளுக்கு மேற்பட்ட ரயிலை ஒரே இடத்தில் நிரப்பும் கொங்கிறீற் களஞ்சியங்களை. அங்கிருந்து தானியம் வான்கூவருக்கோ தண்டர் பேக்கோ போகிறது. கோபுரம் போன சிற்றூர்களில் பள்ளியும் கடையும் பின்தொடர்ந்து மூடப்பட்டதை, பெயர்ப் பலகையும் நாலு வீடுகளும் மட்டும் மிஞ்சிய இடங்களைக் கடக்கும்போது உணரலாம்.

வழியில் பிள்ளைகளுக்கு ஏற்ற இடங்கள் உண்டா?

மூஸ் ஜாவில் நெடுஞ்சாலையை ஒட்டியே மாக் என்ற மிகப் பெரிய மூஸ் மான் சிலை நிற்கிறது. நோர்வேயில் அதைவிட உயரமான ஒன்று 2015இல் எழுந்ததால் வந்த போட்டியில், 2019இல் மாக்குக்குப் பெரிய கொம்புகளைப் பொருத்தி, 10.36 மீற்றராக்கி, பட்டத்தை மீட்டார்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்ளின் ஏரி வரும். சாலையோரத்தில் பனி போலக் குவிந்திருப்பது சோடியம் சல்பேற்று. சலவைத்தூள் செய்யப் பயன்படுவது. அதே உவர் நீரில் இறால் போன்ற சிற்றுயிர்கள் பெருகுவதால் கரைப்பறவைகள் வந்து கூடுகின்றன. பிள்ளைகளைவிட நான்தான் அங்கே அதிக நேரம் நின்றேன்.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

மனிற்றோபாவிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் பின்னுக்கு வையுங்கள். சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம்தான். செப்டம்பர் நடுவில் சூரியன் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில், ஏறக்குறைய நேர் மேற்கில் மறையும். சாலையும் மேற்கே போவதால் கடைசி ஒரு மணி நேரம் கண்ணாடி முழுவதும் வெயிலாக இருக்கும். அந்தி வேளையில் மான்களும் சாலைக்கு வரும். ஐந்தரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

இரவில் எங்கே தங்குவது? குளிருமா?

ஸ்விஃப்ட் கரண்டில் முகாம் திடல்கள் உண்டு. சிற்றூர்கள் பலவற்றில் ஊராட்சி நடத்தும் சிறிய திடல்களும் உள்ளன. செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு உறைபனிக்குப் பயந்து தண்ணீர்க் குழாய்களை நிறுத்திவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பகலில் 25 பாகை இருந்த இடம் விடியற்காலையில் உறைநிலைக்கு அருகே போய்விடக்கூடும்.

இருட்டிய பிறகு சற்று வெளியே வந்து நில்லுங்கள். தொலைவில் இயந்திரங்களின் விளக்குகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கோதுமையில் ஈரப்பதம் 14.5 வீதத்துக்கும், கனோலாவில் 10 வீதத்துக்கும் மேற்பட்டால் களஞ்சியத்தில் அது காய்ந்த தானியமாகக் கணக்கில் வராது. ஆகையால் பகலில் பனித்துளி உலர்ந்த பிறகு தொடங்கி, இரவில் பனி மறுபடி இறங்கும் வரை ஓட்டுவார்கள். வைக்கோல் நனைந்து தோல் போல் ஆனதும் இயந்திரத்தின் ஓசை கனத்து இழுபடுவது நம் காதுக்கே கேட்கும். பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக வயலை விட்டு வெளியேறும். தண்ணீர்க் குழாயைக் கழற்றி வடியவிட்டு உள்ளே எடுத்து வைக்கவும், கணப்பைப் பத்துப் பாகையிலாவது விட்டுப் படுக்கவும் அதுவே சரியான நேரம்.